நானோ பிளாட்டினத்தின் அளவும் வடிவமும் மின்வேதி வினையை எப்படி மாற்றுகின்றன: எண்ணுவதிலிருந்து அளப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஆக்சிஜன் நீராக மாறும் பக்கத்துக்குத்தான் அதிகப் பிளாட்டினம் தேவைப்படுகிறது. அந்த வினை அவ்வளவு மந்தம். உலோகமோ விலை உயர்ந்தது. அதனால் கார்பன் தூளின்மேல் சில நானோமீட்டர் துகள்களாகத் தூவிப் பயன்படுத்துகிறார்கள். சரி, எத்தனை நானோமீட்டர்? உருண்டையாகவா, கனசதுரமாகவா, எண்முகியாகவா? முப்பது நாற்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இது. ஓரளவுக்குத் தெளிவான விடையும் உண்டு.

எம்.எஸ்சி. முடித்து ஆய்வகத்தில் இப்போதுதான் நுழைந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு விளைவு, வடிவ விளைவு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வசதிக்காகத்தான். துகளின் மேற்பரப்பில் எந்த வகை அணு எத்தனை இருக்கிறது என்ற ஒரே கேள்விக்குள் இரண்டும் அடங்கிவிடும். அந்த எண்ணிக்கையைப் போடாமல் "சின்னத் துகள் நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவுக்கு வருவதுதான் இந்தத் துறையின் பெரிய வியாதி.

படி 1: தாளில் அணுக்களை எண்ணுங்கள்

பிளாட்டினம் முகமையக் கனசதுரப் படிகம். உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவையும் 12 அணுக்கள் தொட்டுக்கொண்டிருக்கும். இதுதான் அதன் அணைவு எண். அடுத்தடுத்த அணு மையங்களுக்கு இடையே 0.277 நானோமீட்டர் தூரம். எட்டு மூலைகளையும் வெட்டிய கனசதுரத்தை, அதாவது கனசதுர எண்முகியை, மாதிரியாக எடுத்துக்கொள்வோம். ஒரு மைய அணுவைச் சுற்றி அடுக்கடுக்காக வளர்த்தால் மொத்த அணுக்கள் 13, 55, 147, 309, 561, 923 என்று போகும்.

இந்தத் துகளின் மேற்பரப்பில் நான்கு வகை அணுக்கள் உண்டு. மூலை அணுவுக்கு அணைவு எண் 5, விளிம்பு அணுவுக்கு 7, சதுர முகத்தின் நடுவில் இருப்பதற்கு 8, முக்கோண முகத்தின் நடுவில் இருப்பதற்கு 9. சதுர முகத்தை (100) என்றும் முக்கோண முகத்தை (111) என்றும் குறிப்பார்கள்.

இனி எண்ணுவோம்:

55 அணுத் துகள், சுமார் 1.4 நானோமீட்டர்: மேற்பரப்பில் 42. அதில் மூலை 12, விளிம்பு 24. சமதள முகங்களில் இருப்பது வெறும் 6.

147 அணுத் துகள், சுமார் 1.9 நானோமீட்டர்: மேற்பரப்பில் 92, சமதளத்தில் 32.

561 அணுத் துகள், சுமார் 3 நானோமீட்டர்: மேற்பரப்பில் 252. மூலை 12, விளிம்பு 96, சமதளத்தில் 144. அந்த 144-இல் 96 சதுர முகங்களிலும் 48 முக்கோண முகங்களிலும் இருக்கும்.

3,871 அணுத் துகள், சுமார் 5.8 நானோமீட்டர்: மேற்பரப்பில் 1,002, சமதளத்தில் 774.

முதலில் எல்லார் கண்ணிலும் படுவது மேற்பரப்பு விகிதம். 55 அணுத் துகளில் 76 சதவீதம் வெளியே இருக்கிறது. 561 அணுத் துகளில் 45, பெரிய துகளில் 26 சதவீதம்தான். இதை மட்டும் பார்த்தால் சின்னதே சிறந்தது என்று தோன்றும்.

இப்போது வேறு ஒரு விகிதம் போடுங்கள். மொத்த அணுக்களில் சமதள அணுக்கள் எத்தனை சதவீதம்? 55-க்கு 11, 147-க்கு 22, 309-க்கு 25, 561-க்கு 26, 923-க்கு 25, 3,871-க்கு 20. அதாவது 3 நானோமீட்டருக்கு அருகில் ஒரு மென்மையான உச்சி. எந்தச் சோதனையும் செய்யாமல், வெறும் வடிவக் கணக்கிலேயே இந்த உச்சி வந்து நிற்கிறது. கிம் கினோஷிட்டா 1990-இல் அதுவரை வந்திருந்த ஆக்சிஜன் ஒடுக்க (ஆக்சிஜன் நீராக மாறும் வினை) அளவீடுகளைத் தொகுத்தபோது, எடைக்கான மின்னோட்டம், அதாவது ஒரு கிராம் பிளாட்டினத்துக்குக் கிடைக்கும் மின்னோட்டம், ஏறக்குறைய இதே இடத்தில் உச்சம் தொடுவதை இந்த வாதத்தால்தான் விளக்கினார்.

இன்னொரு சூத்திரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைத் துகளுக்கு ஒரு கிராமின் பரப்பு = 6 ÷ (அடர்த்தி × விட்டம்). பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம். சுருக்கினால், 280-ஐ நானோமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வந்துவிடும். 2 நானோமீட்டருக்கு 140, 3-க்கு 93, 5-க்கு 56. அளந்து வரும் பரப்பு இதைத் தாண்டினால் துகள் அளவிலோ எடையிலோ மின்னூட்டக் கணக்கிலோ எங்கோ தப்பு இருக்கிறது.

படி 2: உங்கள் வினைக்கு எந்த அணு ஒத்துவரும் என்று முடிவு செய்யுங்கள்

அணைவு எண் குறைந்த அணுவுக்குப் பாதிக் கை காலியாக இருக்கிற மாதிரி. அருகில் வருவதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பு தளர்வாக இருந்தால் வினைபடு பொருள் ஒட்டவே ஒட்டாது. அதிகமாக இருந்தால் விளைபொருள் விலகாது. நடுவில் இருப்பதுதான் வேகம். இதுதான் சபாட்டியே சொன்ன தத்துவம். ஹேமரும் நோர்ஸ்கோவும் 1990களில் வகுத்த டி-பட்டை மாதிரி இதற்கு மின்னணு அளவில் விளக்கம் கொடுத்தது. அணைவு எண் குறையக் குறைய டி-பட்டையின் (உலோகத்தின் டி-எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் பட்டை) மையம் ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லை) நோக்கி ஏறும், பிடிப்பும் கூடும்.

பிளாட்டினத்தின் (111) தளமே ஆக்சிஜனையும் ஹைட்ராக்சிலையும் தேவைக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கிறது. அப்படியிருக்க மூலையும் விளிம்பும் இன்னும் மோசம். 0.9 வோல்ட்டில் (இங்கே எல்லா மின்னழுத்தமும் மீள்தகு ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டவை) அந்த அணுக்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் வகைகளால் மூடப்பட்டுச் சும்மா இருக்கின்றன. அதனால் துகள் சிறுக்கச் சிறுக்க, பரப்புக்கான மின்னோட்டம் குறையும். எடைக்கான மின்னோட்டமோ பரப்பு கூடுவதால் முதலில் ஏறி, பிறகு இறங்கும். உச்சி 2 நானோமீட்டரையொட்டியா, 3-ஐயொட்டியா என்பதில் ஆய்வுகள் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும். 1 நானோமீட்டரை நெருங்கினால் சரிகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை.

வடிவத்துக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் கரைசலும் உள்ளே நுழைகிறது. மார்க்கோவிச், ராஸ் குழுவினர் ஒற்றைப் படிகங்களில் செய்த அளவீடுகளின்படி, பெர்க்ளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஒடுக்க வேகத்தின் வரிசை (110), (111), (100) என்று இறங்கும். (110) என்பது வரிவரியாகப் பள்ளம் விழுந்த, இன்னும் திறந்த முகம். அதே படிகங்களைக் கந்தக அமிலத்தில் வைத்தால் (111) கடைசிக்குப் போய்விடும். பைசல்ஃபேட் அயனி அந்த முக்கோண அடுக்கில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்து இடத்தை அடைத்துவிடுகிறது. அதனால் "கனசதுரம் சிறந்ததா, எண்முகி சிறந்ததா?" என்று யாராவது கேட்டால், "எந்த அமிலத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பிளாட்டினக் கனசதுரங்கள் ஆக்சிஜன் ஒடுக்கத்தில் உருண்டைகளை வென்றன என்று ஒரு கட்டுரை சொன்னால், மின்பகுளி எது என்ற வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

உலோகக் கலவையில் வடிவத்தின் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. ஸ்டாமென்கோவிச் குழு 2007-இல் காட்டிய கணக்கில், மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட படிகத்தின் (111) முகம், பிளாட்டினம் (111)-ஐவிடச் சுமார் 10 மடங்கும், அப்போதைய கார்பன் மேல் பிளாட்டினத்தைவிடச் சுமார் 90 மடங்கும் வேகம். அதற்குப் பிறகுதான் உலகமே இந்தக் கலவையில் எண்முகி செய்யக் கிளம்பியது. எண்முகியின் எட்டு முகங்களும் (111) அல்லவா. 2014-இல் பைடோங் யாங், ஸ்டாமென்கோவிச் குழுக்கள் உள்ளே வெறுமையான சட்டக வடிவத் துகள்களைச் செய்து, எடைக்கான மின்னோட்டத்தில் 36 மடங்கு உயர்வைக் காட்டின. இவை சுழலும் வட்டு மின்முனையில் (கரைசலில் சுழலும் சிறு வட்டில் வைத்து அளக்கும் ஆய்வக முறை) கிடைத்த எண்கள் என்பதை மறக்கக் கூடாது. முழு எரிபொருள் கலத்தில் வைக்கும்போது இந்த மடங்கு அப்படியே வருவதில்லை.

வினை மாறினால் தீர்ப்பும் மாறும். காரக் கரைசலில் அமோனியா ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய முழுக்க (100) தளங்களில்தான் நடக்கிறது. அங்கே கனசதுரம்தான் ராஜா. ஃபார்மிக் அமிலம், எத்தனால் ஆக்சிஜனேற்றத்துக்குப் படிக்கட்டு போன்ற உயர்குறியீட்டு முகங்கள் உதவுகின்றன. சியாமென் பல்கலைக்கழகத்தில் ஷி-காங் சுன் குழு 2007-இல் 24 முகங்கள் கொண்ட பிளாட்டினப் படிகங்களைச் செய்து, அவற்றின் பரப்புக்கான மின்னோட்டம் சாதாரணத் துகள்களைவிடச் சில மடங்கு அதிகம் என்று காட்டியது. அந்தப் படிகங்கள் பல பத்து நானோமீட்டர் பெரியவை. அதனால் எடைக்கணக்கில் ஆதாயம் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கார்பன் டைஆக்சைடு ஒடுக்கத்தில் வேகத்தைவிட, என்ன பொருள் வருகிறது என்பதே முக்கியம். செம்பு மின்முனையில் மீத்தேன், எத்திலீன் வருவதை 1980களில் சிபா பல்கலைக்கழகத்தின் யோஷியோ ஹோரி வெளிப்படுத்தினார். (100) முகம் எத்திலீன் பக்கமும் (111) முகம் மீத்தேன் பக்கமும் சாயும். செம்புத் துகள் 5 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஹைட்ரோகார்பன் குறைந்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கூடுகின்றன. தங்கத்திலும் மிகச் சிறிய துகள்கள் ஹைட்ரஜன் பக்கம் ஓடுகின்றன. பல்லேடியமோ எதிர்த் திசையில் போகிறது. 10 நானோமீட்டர் துகளில் கார்பன் மோனாக்சைடு சொற்பம். 4 நானோமீட்டருக்கு இறக்கினால் அதுவே பிரதான விளைபொருள் ஆகிவிடுகிறது. ஒரே வினை, மூன்று உலோகம், மூன்று நடத்தை. ஆக "சின்னது நல்லது" என்ற பொதுவிதியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

படி 3: தயாரிப்பில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அளவு வரிசை வேண்டுமென்றால் வடிவம், தாங்கு கார்பன், மேல்பூச்சு மூன்றும் மாறாமல் அளவு மட்டும் மாற வேண்டும். வெவ்வேறு கம்பெனிகளின் 2, 3, 5 நானோமீட்டர் தூள்களை வாங்கி ஒப்பிட்டால் கார்பனையும் சேர்த்து ஒப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரே தூளை மந்த வாயுவில் வெவ்வேறு வெப்பநிலையில் சூடாக்கித் துகளை வளர்ப்பது ஒரு நல்ல வழி. துகளைத் தனியாகக் கூழ்மமாகத் தயாரித்து, எல்லா அளவையும் ஒரே கார்பன்மேல் படிய வைப்பது அதைவிட நல்ல வழி.

வடிவத்தைத் தீர்மானிப்பது இரண்டு சக்திகள். ஒன்று, மேற்பரப்பு ஆற்றல். முகமையக் கனசதுர உலோகங்களில் அது (111), (100), (110) என்ற வரிசையில் ஏறும். துகளைத் தன் போக்கில் விட்டால் வெட்டிய எண்முகியாகவே வரும். இன்னொன்று வளர்ச்சி வேகம். ஒரு முகத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் அந்த முகம் மெதுவாக வளரும். மெதுவாக வளரும் முகம்தான் கடைசியில் மிஞ்சும். வேகமாக வளர்வது தானே மறைந்துபோகும். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஜார்ஜியா டெக்கில் முஸ்தஃபா எல்-சயீத் குழு 1996-இல் சோடியம் பாலிஅக்ரிலேட்டின் விகிதத்தை மட்டும் மாற்றிப் பிளாட்டினக் கனசதுரங்களையும் நான்முகிகளையும் பெற்றது. வடிவக் கட்டுப்பாட்டு ஆய்வுகள் சூடுபிடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கையால் செய்து பழக நான் சிபாரிசு செய்வது பல்லேடியக் கனசதுரம். நீரிலேயே நடக்கும், மூடிய கலமோ நச்சு வாயுவோ வேண்டாம். பிவிபி (துகள்கள் ஒட்டாமல் காக்கும் பாலிமர்), அஸ்கார்பிக் அமிலம், பொட்டாசியம் புரோமைடு மூன்றையும் நீரில் கரைத்து 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அதில் சோடியம் டெட்ராகுளோரோபல்லேடேட் கரைசலைச் சேர்த்துச் சில மணி நேரம் கலக்குங்கள். புரோமைடு (100) முகத்தில் ஒட்டுவதால் கனசதுரம் வரும். புரோமைடின் ஒரு பகுதிக்குப் பதில் குளோரைடு போட்டால் சிறிய கனசதுரம். அளவையும் வடிவத்தையும் ஒரே செய்முறையில் தனித்தனியாகத் தொடலாம் என்பதுதான் இதன் அழகு.

பிளாட்டினத்தில் கனசதுரம் செய்யக் கார்பன் மோனாக்சைடு வாயுவையோ உலோகக் கார்போனைல்களையோ பயன்படுத்தும் முறைகள் பிரபலம். வாயு எச்சரிக்கைக் கருவியும் நன்றாக வேலை செய்யும் புகைப்பேழையும் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

படி 4: ஒட்டியிருப்பதைக் கழற்றுங்கள், வடிவம் கலையாமல்

வடிவத்தைக் கொடுத்த அதே புரோமைடும் பாலிமரும்தான் இப்போது வினை நடக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சூடாக்கி எரித்தால் பாலிமர் போகும், மூலைகளும் உருண்டுவிடும். பலமுறை கழுவுதல், மென்மையான வேதிச் சுத்திகரிப்பு, கடைசியில் மின்முனையிலேயே சில சுழற்சிகள் என்று போவது பாதுகாப்பானது. ஆனால் அந்தச் சுழற்சிகளில் மேல் எல்லையைக் கவனியுங்கள். பிளாட்டினத்தில் ஆக்சைடு உருவாகும் அளவுக்கு, உதாரணமாக 1.2 வோல்ட்டுக்கு மேல், மீண்டும் மீண்டும் போனால் ஒழுங்கான முகங்கள் சிதைந்துவிடும். பிறகு அளப்பது நீங்கள் தயாரித்த வடிவத்தை அல்ல.

படி 5: அளவைச் சரியான சராசரியில் சொல்லுங்கள்

மின்னணு நுண்ணோக்கியில் அழகான ஒரு படத்தை எடுத்து "சுமார் 4 நானோமீட்டர்" என்று எழுதுவது போதாது. சில நூறு துகள்களையாவது, வெவ்வேறு இடங்களிலிருந்து எண்ணுங்கள். அப்புறம் சாதாரணச் சராசரியோடு நிறுத்தாமல், விட்டத்தின் கனங்களின் கூட்டுத்தொகையை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்த சராசரியையும் போடுங்கள். பரப்போடு நேரடியாகப் பொருந்துவது அதுதான்.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். பாதித் துகள்கள் 2, பாதித் துகள்கள் 6 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 4. மற்றதோ (8 + 216) ÷ (4 + 36) = 5.6. முதலாவதை நம்பினால் கிராமுக்கு 70 சதுர மீட்டர் எதிர்பார்ப்பீர்கள், உண்மையில் இருப்பது 50. அந்த 20 சதுர மீட்டர் எங்கே போனது என்று மின்வேதிப் பக்கம் தேடி அலைவது வீண்.

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவில் ஷெரர் சமன்பாடு தரும் அளவு கன அளவால் எடையிடப்பட்டது. ஆகவே பெரிய துகள்கள் பக்கம் சாயும். இரண்டு முறைகளும் ஒரே எண்ணைத் தராவிட்டால் பதற வேண்டாம். துகள்கள் பரவலான அளவில் இருக்கின்றன என்பதற்கு அதுவே தடயம்.

வடிவத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். எத்தனை சதவீதம் கனசதுரம், மூலைகள் கூர்மையா மழுங்கலா என்று எண்ணிச் சொல்லுங்கள்.

படி 6: சி.வி. கையொப்பத்தைப் படியுங்கள்

நுண்ணோக்கி காட்டுவது சில நூறு துகள்கள். மின்முனையில் இருப்பதோ கோடானுகோடி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விசாரிக்கச் சுழற்சி வோல்ட்டம்மெட்ரிதான் (சி.வி.) வழி. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, மின்னோட்டம் எங்கே எழும்புகிறது என்று பார்ப்பதுதான் அது. ழான் கிளவிலியே 1980-இல் பிளாட்டின மணியைச் சுடரில் சூடாக்கிச் சுத்தமான ஒற்றைப் படிக முகத்தைப் பெறும் முறையைக் காட்டினார். ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் கையொப்பம் உண்டு என்பது அதன் பிறகுதான் தெளிவானது.

0.5 மோலார் கந்தக அமிலத்தில் பிளாட்டினத் துகள்களின் சி.வி.யை எடுத்தால், 0.12 வோல்ட் அருகே வரும் முகடு (110) வகை இடங்கள். 0.27 அருகே கூர்மையாக வருவது (100) படிகளும் குறுகிய தளங்களும். 0.35-ஐ ஒட்டிய அகலமான மேடு அகன்ற (100) தளங்கள். 0.5 அருகே தெரியும் சின்னக் குன்று ஒழுங்கான (111) தளங்கள். நல்ல கனசதுரத்தில் மூன்றாவது எழும்பி நிற்கும். எண்முகியிலோ நான்முகியிலோ நான்காவது. இன்னும் துல்லியமாக வேண்டுமா? பிஸ்மத்தைப் படிய வைத்து (111) தளங்களையும், ஜெர்மானியத்தைப் படிய வைத்து (100) தளங்களையும் தனியாக எண்ணும் முறைகள் உண்டு. ஸ்பெயினின் அலிகாந்தே ஆய்வுக்குழு இதைக் கலையாகவே வளர்த்திருக்கிறது.

இந்தக் கையொப்பம் தெளிவாகத் தெரியவில்லையென்றால் முதலில் கண்ணாடிப் பாத்திரங்களைச் சந்தேகியுங்கள், துகளை அப்புறம். நீர் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். சோப்புத் தடம், கிரீஸ், விரல்பட்ட இடம், எதுவும் கூடாது. வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையிலிருந்து குளோரைடு கசிந்தால் பிளாட்டினம் உடனே காட்டிக்கொடுக்கும், ஆக்சிஜன் ஒடுக்கமும் படுத்துவிடும். ஹைட்ரஜன் மின்முனையே நல்லது.

படி 7: மின்னோட்டத்தை எடைக்கும் பரப்புக்கும் பிரித்துப் போடுங்கள்

பொதுவான ஏற்பாடு இதுதான். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டு (பரப்பு 0.196 சதுர சென்டிமீட்டர்), ஆக்சிஜன் நிரம்பிய 0.1 மோலார் பெர்க்ளோரிக் அமிலம், நிமிடத்துக்கு 1,600 சுற்று, வினாடிக்கு 20 மில்லிவோல்ட். வினையூக்கியை நீர், ஐசோபுரோப்பனால், கொஞ்சம் நஃபியான் (துகள்களை வட்டோடு பிணைக்கும் அயனி கடத்தும் பாலிமர்) கலந்து மையாக்கி வட்டின்மேல் விட வேண்டும். படலம் மெல்லியதாக, சீராக இருக்க வேண்டும். ஓரத்தில் வளையம் கட்டிக் காய்ந்தால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள், அளந்து பயனில்லை. வட்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே காயவிட்டால் வளையம் குறையும். கலத்துக்கு நீர்ச்சட்டை போட்டு 25 டிகிரியில் நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் அறை வெப்பநிலை என்று எழுதுவது எந்த வெப்பநிலையையும் குறிக்காது, ஆக்சிஜனின் கரைதிறனும் அதோடு சேர்ந்து ஆடும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. வட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் பிளாட்டினம், ஆக மொத்தம் 3.92 மைக்ரோகிராம். ஹைட்ரஜன் பரப்புக்கவர்தல் பகுதியில், இரட்டை அடுக்கின் (மின்முனையை ஒட்டிச் சேரும் அயனி அடுக்கு) பங்கைக் கழித்த பிறகு, மின்னூட்டம் 580 மைக்ரோகூலும் என்று வைத்துக்கொள்வோம். பிளாட்டினத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்பது வழக்கம். வகுத்தால் 2.76 சதுர சென்டிமீட்டர், அதாவது கிராமுக்கு 70 சதுர மீட்டர். நுண்ணோக்கி 3 நானோமீட்டர் என்று சொல்லியிருந்தால் எதிர்பார்ப்பு 93. மீதி எங்கே? துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், கார்பன் தொடும் பக்கம் மறைந்திருக்கலாம். இந்த இடைவெளி இயல்பானதே. 93-க்கு 30 வந்தால்தான் கவலை.

ஆக்சிஜன் ஒடுக்கத்தில் எல்லை மின்னோட்டம் (ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் விதிக்கும் உச்சம்) 1.12 மில்லிஆம்பியர், 0.9 வோல்ட்டில் 0.56 என்று கிடைத்தால், இயக்க மின்னோட்டம் (அந்தத் தடை இல்லாவிட்டால் வினை தரும் மின்னோட்டம்) = (0.56 × 1.12) ÷ (1.12 − 0.56) = 1.12 மில்லிஆம்பியர். எடைக்கு வகுத்தால் மில்லிகிராமுக்கு 0.29 ஆம்பியர். பரப்புக்கு வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.41 மில்லிஆம்பியர். முதல் எண் விலையைப் பற்றியது, இரண்டாவது எண் அணுக்களின் தரத்தைப் பற்றியது. அளவை மாற்றியபோது முதல் எண் ஏறி, இரண்டாவது அப்படியே இருந்தால் நீங்கள் கண்டது வெறும் பரப்பு மாற்றம். இரண்டாவது எண் நகர்ந்தால்தான் உண்மையான அளவு விளைவு.

கரைசல் மின்தடையைத் திருத்த மறக்காதீர்கள். இந்த அமிலத்தில் 25 ஓம் இருப்பது சாதாரணம். 0.56 மில்லிஆம்பியருக்கு 14 மில்லிவோல்ட் இழப்பு. மின்னோட்டம் பத்து மடங்காக 65 மில்லிவோல்ட் வேண்டும் என்ற சரிவில் அது சுமார் 1.6 மடங்கு வித்தியாசம். பல கட்டுரைகள் கொண்டாடும் வடிவ விளைவே அவ்வளவுதான்!

அமிலத்தில் ஹைட்ரஜன் வெளியேற்ற வினையை வைத்துப் பிளாட்டினத் துகள்களின் அளவு விளைவை நிரூபிக்கவும் முயலாதீர்கள். அது அவ்வளவு வேகமானது. சுழலும் வட்டில் நீங்கள் அளப்பது ஹைட்ரஜன் நகரும் வேகத்தையே. மற்ற வினைகளில் துணை மின்முனையாக (சுற்றை முடிக்கும் மறு மின்முனையாக) பிளாட்டினக் கம்பியைப் போடும்போதும் கவனம் வேண்டும், கரைந்து வந்து உங்கள் தங்கத்திலோ செம்பிலோ படிந்துவிடும்.

கார்பன் டைஆக்சைடு ஒடுக்கத்துக்கு மின்னோட்டம் மட்டும் போதாது. வாயுவை வாயு நிறப்பகுப்பிலும், திரவத்தை என்.எம்.ஆரிலும் அளந்து, மின்னூட்டக் கணக்கு நூறு சதவீதத்தை நெருங்குகிறதா என்று பாருங்கள். துகள்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் ஒரே மாதிரி வையுங்கள். ஒரு துகளில் பிறந்த கார்பன் மோனாக்சைடு பக்கத்துத் துகளில் மறுபடி ஒட்டி எத்திலீனாக மாறலாம். நெருக்கம் மாறியதை அளவு விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து இங்கே அதிகம்.

படி 8: முடிந்த பிறகும் பாருங்கள்

வினை நடக்கும்போது துகள் சும்மா இருப்பதில்லை. வளைவு அதிகமான சிறிய துகள் எளிதாகக் கரையும். கரைந்த அயனி பெரிய துகளில் படியும். கார்பன் அரிக்கப்பட்டால் துகள்கள் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும், அல்லது உதிர்ந்தே போகும். வடிவத்தில் முதலில் போவது மூலை, பிறகு விளிம்பு. பிளாட்டினம்–நிக்கல் எண்முகியில் நிக்கல் அமிலத்தில் கசிய, கூர்மையான முகங்கள் குழிந்துவிடுகின்றன. 2015-இல் வந்த ஓர் ஆய்வு மேற்பரப்பில் சிறிது மாலிப்டினம் சேர்த்து இதைக் கட்டுப்படுத்தியது. செம்புக் கனசதுரங்கள் கார்பன் டைஆக்சைடு ஒடுக்கத்தின்போது சில மணி நேரத்திலேயே சிதறத் தொடங்குகின்றன. ஆகவே, தொடக்கத்தில் எடுத்த படத்தை வைத்து முடிவில் வந்த எத்திலீனை விளக்குவது நியாயமில்லை.

எரிபொருள் கலத்துக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்த சோதனை 0.6-க்கும் 0.95 வோல்ட்டுக்கும் இடையே 30,000 சுழற்சிகள். ஆய்வக வட்டில் அதன் ஒரு பகுதியையாவது ஓட்டுங்கள். முடியுமானால், தங்க வலையில் ஒரே இடத்தை அடையாளம் வைத்துச் சோதனைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். யார் கரைந்தார், யார் வளர்ந்தார் என்று பெயர் சொல்லிச் சொல்லலாம்.

சுழற்சிகளுக்குப் பிறகு படி 7-இன் இரண்டு எண்களையும் மறுபடி போடுங்கள். சுத்தப் பிளாட்டினத்தில், பரப்பு குறைந்து பரப்புக்கான மின்னோட்டம் கொஞ்சம் ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிறியவை கரைந்து பெரியவை வளர்ந்திருக்கின்றன, மூலை விளிம்புகளின் பங்கு குறைந்திருக்கிறது. பரப்பு குறைந்தும் பரப்புக்கான மின்னோட்டம் அசையவில்லையென்றால், துகள்கள் வளராமல் உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சரிசெய்ய வேண்டியது துகளை அல்ல, கார்பனை.